கழற்றிய கண்ணாடியை என்ன செய்ய?

கண்ணாடித் தொழிலில் புதுசை மாட்டுவது பாதி வேலைதான். கழற்றிய பழசை யாருக்கும் காயம் இல்லாமல் வீட்டை விட்டு வெளியேற்றுவது மீதிப் பாதி.

இந்த இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தூத்துக்குடியில் ஒரு கண்ணாடிக் கடையில் வெகுகாலமாக வேலை பார்க்கிறேன். உப்புக் காற்றுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஜன்னல் சட்டத்தில் அடித்த ஆணி துருப்பிடித்துப் பூத்துவிடும், மரம் வீங்கும், விளிம்பில் அப்பிய மக்குப் பசை உதிரும், கண்ணாடி ஆட ஆரம்பிக்கும். உடனே கடைக்குப் போன் வரும். நானும் என்னோடு வேலை பார்க்கிற அந்தோணியும் போய்ப் புதுக் கண்ணாடியை மாட்டுவோம். வேலை முடிந்து திரும்பினால், கழற்றிய பழசு சுவரில் சாய்ந்து நிற்கும். வீட்டுக்காரர் அதைப் பார்ப்பார், பிறகு எங்களைப் பார்ப்பார்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், மாடிப்படி வளைவில் எங்கேயாவது. வெட்கப்பட வேண்டாம், எல்லார் வீட்டிலும் இருக்கிறது. தூக்கிப்போடவும் பயம், வைத்திருக்கவும் பயம். அந்தப் பயத்தோடு குடித்தனம் நடத்துகிற சிலரை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர் ஒருவர். வீட்டு மரஜன்னல்களை எல்லாம் எடுத்துவிட்டு அலுமினியத்துக்கு மாறினார். பழைய கண்ணாடிகளை நாங்களே எடுத்துப் போகிறோம் என்றோம். "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்று மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அடுக்கிவிட்டார். பல மழைக்காலம் போனது. ஒருநாள் அவர் மனைவி போன் செய்தார். மாடியில் வற்றல் காயப்போடப் போனபோது கண்ணாடி முனையில் சேலை மாட்டிக் கிழிந்துவிட்டதாம். சேலை போனதில் வருத்தமில்லை, காலாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றார்.

போய்ப் பார்த்தோம். ஈரமும் உப்பும் புகுந்து கண்ணாடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நெம்பினால் நொறுங்கிவிடும். ஒட்டியது ஒட்டியபடியே பழைய போர்வையைச் சுற்றி, நிற்கவைத்த வாக்கில் தூக்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் தன் கனம் தாங்காமல் நடுவில் முறியும். நாங்கள் ஒவ்வொரு கட்டாக இறக்க இறக்க, கிரேன்காரர் படியில் மறித்து நின்றார். "இது மீன் தொட்டிக்கு ஆகும்லா?" என்றார். அவர் வீட்டில் மீன் குழம்பில் மட்டும்தான் இருந்தது. "இது சாமி படத்துக்கு ஆகும்லா?" என்றார். சாமி படத்துக்கெல்லாம் ஏற்கெனவே கண்ணாடி இருந்தது. கடைசியில் ஒன்றை மட்டும் எங்கள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். என்னத்துக்கு என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போய் ஈசிசேரில் சாய்ந்துவிட்டார்.

அவர் மனைவி இதையெல்லாம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டி முடித்ததும் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாடில கெடந்தத எல்லாம் எடுத்துட்டிய. கீழ ஈசிசேர்ல ஒண்ணு கெடக்கு, அத எடுக்கதுக்கு எப்ப வருவிய?"

பாட்டில் வேறு, ஜன்னல் வேறு

உடைந்த கண்ணாடி என்றால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது பழைய இரும்புக் கடை. எனக்கும் அப்படித்தான் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லோடு ஆட்டோ நிறைய ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பாட்டில்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என் சரக்கை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வேண்டாம் என்று கையை வீசினார். பாட்டில் உருகுகிற சூடு வேறு, ஜன்னல் கண்ணாடி உருகுகிற சூடு வேறு, கலந்து அனுப்பினால் மொத்த லோடும் திரும்பி வந்துவிடும் என்றார். முகம் பார்க்கிற கண்ணாடி அதைவிட மோசமாம். ஜன்னல் கண்ணாடியைத் தனியாக எடுக்கிறவர்கள் உண்டு, ஆனால் லாரிக்கணக்கில் சேர்ந்தால்தான் வருவார்கள். இப்போது எங்கள் கடைக்குப் பின்னால் டிரம்களில் சேர்த்துவைத்து அப்படித்தான் அனுப்புகிறோம்.

அன்றைக்கு அந்த ஏற்பாடு ஒன்றும் கிடையாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் நேரமாகிறது என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கெஞ்சாத குறையாக நின்றேன். கடைக்காரர் மனமிரங்கியவர்போல எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். என் தோளில் கைவைத்தார். எடுத்துக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் சொன்னது: "நீங்க கண்ணாடிக் கடைக்காரரா அண்ணாச்சி? நல்லதாப் போச்சு. எங்கடைக்குப் பின்னாலயும் இதே மாதிரி கொஞ்சம் கெடக்கு, ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கான். அதையும் சேத்துக் கொண்டுபோயிருங்க."

பரோட்டாக் கடைக் கதவு

பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பரோட்டாக் கடை. முன்வாசலில் கனமான கண்ணாடிக் கதவு. கீழ் மூலையில் லேசாகச் சில்லு பெயர்ந்திருந்ததால் புதுக் கதவு போடச் சொன்னார் முதலாளி. பழசைக் கழற்றிக் கடைக்குள் நிறுத்தினோம். அவருக்கு மனசு வரவில்லை. இவ்வளவு பெரிய கண்ணாடியைச் சும்மா கொடுப்பதா? இரண்டாக வெட்டிக் கொடுங்கள், கல்லாவுக்கு மேலே ஒன்று, பலகாரத் தட்டுக்கு ஒன்று என்றார். இது சூடேற்றி இறுக்கிய கண்ணாடி, வெட்ட முடியாது என்றேன். சாதாரணக் கண்ணாடி வாள்போல நீளநீளமாக உடையும், இது அப்படி இல்லை, எங்கே வெட்டினாலும் முழுசும் நொறுங்கிவிடும் என்று விளக்கினேன். அவர் அதைக் கவனமாகக் கேட்டார். பிறகு, உங்கள் கைக்கு வலு போதாது என்று தீர்ப்புச் சொன்னார்.

அவர் கைக்கு வலு உண்டு. பரோட்டா மாவை அடித்து வீசிய கை. நாங்கள் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்காக வெளியே போயிருந்தோம். உள்ளே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால், முதலாளி கையில் சுத்தியலும் உளியுமாக நிற்கிறார். கதவு இல்லை. கணுக்கால்வரை கல் உப்பு கொட்டிவைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று மணிமணியாகக் கிடக்கிறது. நல்லவேளையாக அவருக்கு முழங்காலில் சின்னக் கீறலோடு போயிற்று. ஆனால் சாயங்கால வியாபாரத்துக்குப் பிசைந்து, எண்ணெய் தடவி ஊறவைத்திருந்த மாவு அத்தனையும் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அந்தோணி ஒரு உருண்டையைக் கையுறையோடு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மினுமினு என்றது. எல்லா மாவையும் கொட்டிவிட்டு, அன்றைக்குக் கடை இல்லை என்று பலகை வைக்க வேண்டியதாயிற்று.

பெருக்கி அள்ள முதலாளியும் குனிந்தார். கடைசி வாளியைத் தூக்கும்போது குற்றம் சாட்டுகிற குரலில் சொன்னார்: "வெட்ட முடியாதுன்னுதான சொன்னிய? இவ்வளவு பொடிசா வெட்டுப்படும்னு சொல்லலையே!"

ஆடிக் காற்று

ஆடியில் மாடிக் கண்ணாடியைக் கழற்ற ஆகாது என்று நான் சொல்வேன். கடற்கரை ரோட்டில் ஒரு வீட்டுக்காரருக்கு அந்த மாதத்தில்தான் தேவைப்பட்டது. மாடி பால்கனியில் ஆளுயரக் கண்ணாடி. மூலையிலிருந்து விரிசல் ஓட ஆரம்பித்திருந்தது. அது தானாக விழுந்தால் கீழே நடக்கிறவர்கள் தலையில்தான் விழும். தள்ளிப்போட வழியில்லை. இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக அகலமான டேப்பை ஒட்டினோம். உடைந்தாலும் துண்டுகள் சிதறாமல் டேப்போடு தொங்கும். தடித்த கையுறை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, சட்டத்தை நெம்பிக் கண்ணாடியை வெளியே எடுத்தோம். வெளிப்புறப் படிவழியாக இறக்க வேண்டும். நான் மேலே, அந்தோணி கீழே.

படி திரும்புகிற இடத்தில் காற்று வந்தது. இரண்டு பேர் பிடித்திருந்த கண்ணாடி, எங்கள் இரண்டு பேரையும் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. என் இடுப்பு கைப்பிடிச் சுவரில் போய் மோதியது. கீழே தெருவில் ஒரு அம்மாள் மீன் கூடையை இறக்கி வைத்து, வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தள்ளிப் போங்க என்று கத்த எனக்கு மூச்சு வரவில்லை. அந்தோணிதான் கத்தினான். அவரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. "காத்துக்கு மொகத்தக் காட்டாத! வெளிம்பக் காட்டு, வெளிம்பக் காட்டு!" நான் என் பக்கத்தைத் திருப்பினேன். விளிம்பு காற்றைப் பார்த்ததும் இழுப்பு பட்டென்று நின்றது. அப்படியே நின்றோம். அந்தோணி "சேசுவே, மரியே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். காற்று கொஞ்சம் ஓய்ந்ததும் ஒவ்வொரு படியாக இறங்கித் தரையில் சாத்தினோம்.

அந்தோணிக்குச் சொந்த ஊர் வேம்பார். அவன் அப்பா காலமெல்லாம் வள்ளத்தில் கடலுக்குப் போனவர், மகனை மட்டும் கரையில் நிறுத்திவிட்டார். அவன் படியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினான். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கடலுக்குப் போனா காத்துல சாவேன்னு சொல்லித்தான் எங்கப்பா என்னைய இந்த வேலைல சேத்துவிட்டாரு."

பிலோமினா அக்கா வீட்டு நிலைக்கண்ணாடி

பிலோமினா அக்காவின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். போன வருஷம் இறந்துபோனார். ஊரில் இருக்கிற நாட்களில் அவர் நின்று சவரம் செய்கிற பெரிய நிலைக்கண்ணாடி ஒன்று கூடத்தில் இருந்தது. பின்னால் பூசிய ரசம் உப்புக் காற்றில் உரிந்துபோய், பார்த்தால் முகம் பாதி தெரியும், பாதி கறுப்புத் திட்டாக இருக்கும். சட்டமும் உளுத்துவிட்டது. வெளியூரிலிருந்து மகள் குழந்தையோடு வரப்போகிறாள், கண்ணாடி சாய்ந்துவிட்டால் ஆபத்து என்று எங்களைக் கூப்பிட்டார்.

அவ்வளவு பெரிய கண்ணாடி வண்டியில் நிற்காது. வழக்கமாக, தடித்த துணியைச் சுற்றி, வீட்டு வாசலிலேயே சுத்தியலால் தட்டித் துண்டாக்கி வாளியில் எடுத்துப் போவோம். துணியை விரித்தபோது அக்கா கேட்டார்: "ஒடைக்கப் போறியளா?" ஆமாம் என்றேன். "இங்கன வச்சு ஒடைக்காதிய." என்றார். நானும் அந்தோணியுமாக அதைக் கையிலேயே தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கடைவரை நடந்தோம். எதிரே வந்தவர்கள் எங்களைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவரவரைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தர் தலையைக் கோதினார். ஒரு பெண் நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். கடைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாக்கைச் சுற்றி, செய்ய வேண்டியதைச் செய்தோம்.

சாயங்காலம் போன் வந்தது. "ஒடைச்சிட்டியளா?" என்றார் அக்கா. ஆமாக்கா என்றேன். அக்கா சாதாரணக் குரலில் சொன்னார்: "சரி. செவத்துல அந்த எடம் மட்டும் வெள்ளையாத் தெரியுது. நாளைக்கு வந்து சின்னதா ஒண்ணு மாட்டிருங்க. எனக்கும் தலை சீவணும்லா."

பேப்பரில் சுற்றிய துண்டு

எங்கள் கடைத் தெருவில் குப்பை எடுக்க வருகிறவர் முத்துலட்சுமி. பேட்டரி வண்டியில் வருவார். எங்கள் கடையில் சேர்கிற பொடித்துண்டுகளைக் காலி பெயிண்ட் வாளியில் போட்டு, மூடியை அமுக்கி, சுற்றிலும் டேப் ஒட்டி, மேலே "உடைந்த கண்ணாடி" என்று எழுதி, அவர் கையில்தான் கொடுப்போம். கொஞ்ச நாளாக அவரைக் காணவில்லை. வேறொரு பெண் வந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு காலையில் முத்துலட்சுமி வண்டி இல்லாமல், வேலைச் சட்டை இல்லாமல், கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வலது உள்ளங்கையில் குறுக்கே ஒரு தழும்பு. காய்கறிக் கழிவு இருந்த பையைப் பிரித்தபோது உள்ளே ஒரு பேப்பர்ப் பொட்டலம் இருந்ததாம். என்ன என்று அமுக்கிப் பார்த்திருக்கிறார். கையுறையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. விரல் நரம்பு அறுந்து, பெரியாஸ்பத்திரியில் தைத்திருக்கிறார்கள். கையை நீட்டி மடக்கிக் காட்டினார். மூன்று விரல்கள் மடங்கின. மோதிர விரலும் சுண்டு விரலும் நிமிராமல் பாதி மடங்கியே நின்றன.

மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே அந்தக் கண்ணாடித் துண்டு. வெளிர்ப் பச்சை, அதில் இலையும் பூவுமாக அச்சு. அந்த அச்சில் இப்போது கண்ணாடி வருவதில்லை. பக்கத்துத் தெருவில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் பார்க்கிற தனபால் அண்ணாச்சி வீட்டில் நாங்கள் கழற்றியது அது. நாங்கள் எடுத்துப் போகிறோம் என்றபோது, கறிவேப்பிலைக் கன்றை ஆடு கடிக்காமல் இருக்க மறைப்பு வைக்கலாம் என்று நிறுத்திக்கொண்டார். "யாரு வீட்டுதுன்னு தெரியுமா அண்ணாச்சி?" என்று கேட்டார் முத்துலட்சுமி. அந்தோணி என் காலை மிதித்தான். தனபால் அண்ணாச்சி எங்கள் கடைக்கு வேண்டப்பட்டவர். தெரியும் என்று சொல்லிவிட்டேன். "சண்டைக்கு இல்ல. காட்டணும், அவ்வளவுதான்" என்றார். மூன்று பேருமாகப் போனோம்.

தனபால் அண்ணாச்சி பனியனோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், முத்துலட்சுமியைப் பார்த்ததும் யார் என்று புரியாமல் நின்றார். முத்துலட்சுமி டப்பாவைத் திறந்து படியில் வைத்தார். பக்கத்தில் கையை விரித்துக் காட்டினார். அண்ணாச்சிக்கு விளங்கிவிட்டது. "காத்துல சாஞ்சு ஒடைஞ்சு போச்சும்மா. எங்கால்லயும் குத்திட்டு. அதான் பேப்பர்ல ரெண்டு சுத்து நல்லாச் சுத்தித்தான் போட்டேன். வீட்ல யாருக்கும் பட்டுரக் கூடாதுன்னு..." அத்தோடு நின்றுவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். முத்துலட்சுமி கோபமில்லாமல் சொன்னார்: "பேப்பருக்குள்ள என்ன இருக்குன்னு பேப்பர் சொல்லாதுல்லா ஐயா." அண்ணாச்சியின் மனைவி உள்ளேயிருந்து வந்து, முத்துலட்சுமியின் கையைப் பிடித்துத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, புருஷனைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. நானும் அந்தோணியும் கிளம்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு விரலுக்குப் பயிற்சி கொடுக்க முத்துலட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில் எல்லாம் அண்ணாச்சி தன் ஸ்கூட்டரில் கூட்டிப்போய்க் காத்திருந்து கூட்டிவந்தார். சில நாள் மனைவி போனார். மோதிர விரல் சரியாகிவிட்டது. சுண்டு விரல் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டது. முத்துலட்சுமி வேலைக்குத் திரும்பி, இப்போது வண்டி மட்டும் ஓட்டுகிறார். அண்ணாச்சி வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால்கூட, மூடி போட்ட வாளியோடு அவரே தெருவில் நிற்கிறார். ஒருநாள் அப்படி வாளியைக் கொடுக்கும்போது நான் அந்தப் பக்கமாகப் போனேன். முத்துலட்சுமி வாளியை வாங்கி வைத்துவிட்டு, பாதிச் சிரிப்போடு அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கோயில்ல கும்பிட்டா இந்தச் சுண்டுவெரலு மட்டும் மடங்கியே நிக்கி ஐயா. சாமி என்னன்னு கேட்டா, ஒங்க வீட்டு அட்ரஸத்தான் சொல்லணும்."

தரையில் படுத்த டார்ச்

தெர்மல் மின்நிலையத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறவரின் மனைவி ரேவதி. ஆத்தூர்ப் பக்கம் வயல்காட்டு ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். வாடகை வீடு. காலையில் கணவர் வேலைக்குப் போனபிறகு, ஆடிக்கொண்டிருந்த பழைய ஜன்னல் கண்ணாடி காற்றில் பிடுங்கிக்கொண்டு உள்பக்கமாக விழுந்துவிட்டது. கைக்குழந்தை, தவழ்கிற வயசு. கண்ணாடி விழுந்தபோது குழந்தை அடுத்த அறையில் இருந்திருக்கிறது. நல்ல காலம். நாங்கள் போகும்போது மத்தியானம். ரேவதி கட்டிலின் நடுவில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை இடுப்பில். பெருக்கிவிட்டாராம். ஆனாலும் தரையில் விட மனசில்லை. "பெருக்குன பெறவும் மினுங்குது அண்ணாச்சி. குனிஞ்சு பாத்தாக் காணோம்" என்றார். குழந்தை கீழே இறங்க வேண்டும் என்று முறுக்கிக்கொண்டிருந்தது. அவர் கை விடவில்லை. பிடித்த இடம் சிவந்திருந்தது.

பெரிய துண்டுகளைக் கையுறை போட்டு எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்கினோம். பொடிக்குத்தான் மெனக்கெட வேண்டும். ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலுக்குப் பெட்ஷீட்டைக் கட்டி அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தேன். மேலேயிருந்து அடித்தால் தெரியாதது, பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னும். ரேவதி கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். "சேசு மரியே" என்றான் அந்தோணி. கதவு இடுக்கு, அலமாரிக் கால், அடுத்த அறை வாசல்வரை போயிருந்தது. துடைப்பம் அதைத் தள்ளத்தான் செய்யும். அந்தோணி அடுப்படியில் கோதுமை மாவைப் பிசைந்து கொண்டுவர, அந்த உருண்டையால் தரையை ஒத்தி ஒத்தி எடுத்தோம். பிறகு ஈரத் துணி. துடைத்த துணியையும் அலசாமல் பெட்டிக்குள்ளேயே போட்டோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, சுவரோரம் கிடந்த கம்பளி நாய்ப் பொம்மையை அந்தோணி எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். காது மடிப்புக்குள் ஊசிபோல ஒரு சில்லு. ரேவதி அதைப் பார்த்தார், குழந்தையின் வாயைப் பார்த்தார். பொம்மையும் பெட்டிக்குள் போயிற்று.

திரும்ப ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தோம். மின்னவில்லை. பெட்ஷீட்டை எடுத்ததும் வெளிச்சம் வந்தது. இனி விடலாம் என்றேன். ரேவதி முதலில் தான் இறங்கி, வெறுங்காலோடு அறை முழுக்க நடந்து பார்த்தார். பிறகு குழந்தையைத் தரையில் விட்டார். அது ஒரே ஓட்டமாகத் தவழ்ந்து அடுப்படிக்குள் போய்விட்டது. அவர் பின்னாலேயே போகவில்லை. காலி இடுப்பில் கைவைத்தபடி அங்கேயே நின்று, அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரலில் சொன்னார்: "காலைலருந்து எறக்கிவிடவே இல்ல. இப்ப எறக்கிவிட்ட பெறவு, நான் எங்க போய் நிக்கன்னு எனக்கே தெரியல அண்ணாச்சி."

ஆக, இத்தனை வருஷத்தில் நான் கண்டது, பழைய கண்ணாடியும் சம்பந்தி வீட்டாரும் ஒன்றுதான்: வெறுங்கையோடு அனுப்பிவைக்கவும் கூடாது, தெருமுனை திரும்பும்வரை கண்ணை எடுக்கவும் கூடாது.